சாயப்பட்டறைக்கு ஜெனீவாவில் இருந்து வரும் தபால்: நான்கு வருடத்துக்கு மேல் இ-பிங் பயன்படுத்திய அனுபவம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நேரமில்லாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். வெளிநாட்டுக்குத் துணி போகிற தொழிலில் நீங்கள் எந்த மூலையில் இருந்தாலும் சரி, சாயப்பட்டறை, பிரிண்டிங், வாஷிங், பனியன் கம்பெனி, கெமிக்கல் விற்கிற கடை எதுவானாலும், இ-பிங் (ePing) என்ற இணையத் தளத்தில் ஒரு கணக்குத் தொடங்கி வையுங்கள். ஒரு பைசா செலவில்லை, மின்னஞ்சல் முகவரி இருந்தால் போதும். நான் திருப்பூர் வீரபாண்டிப் பக்கம் ஒரு சின்ன சாயப்பட்டறை நடத்துகிறேன். எல்லாம் ஜாப் ஒர்க்தான். துணி எங்களுடையது இல்லை, இன்வாய்ஸில் வரும் பெயரும் எங்களுடையது இல்லை. ஆனால் துணியில் என்ன கெமிக்கல் தங்கியிருக்கிறது என்ற கேள்வி வந்துவிட்டால் பதில் சொல்ல வேண்டிய ஆள் நாங்கள்தான். அந்தக் கேள்வி வருவதற்குப் பல மாதம் முன்னால், சில சமயம் வருடக்கணக்கில் முன்னால், தகவல் கொடுக்கிற சேவை இது.

இ-பிங் என்பது என்ன என்று கேட்பவர்களுக்காகச் சுருக்கமாக. ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்ட உலக வர்த்தக அமைப்பில் இருக்கும் ஒரு நாடு, பிற நாட்டுச் சரக்கைப் பாதிக்கக்கூடிய புதிய விதி ஒன்றைக் கொண்டுவர நினைத்தால், அது வரைவாக இருக்கும்போதே மற்ற நாடுகளுக்குத் தெரிவிக்க வேண்டும். 1995-ல் அந்த அமைப்பு தொடங்கியபோதே வந்த ஒப்பந்தம் அது, வர்த்தகத்துக்குத் தடையாகும் தொழில்நுட்ப விதிகளைப் பற்றியது, சுருக்கமாக டி.பி.டி. ஒப்பந்தம் என்பார்கள். தெரிவித்த நாளில் இருந்து மற்றவர்கள் கருத்துச் சொல்ல 60 நாளாவது கொடுக்க வேண்டும் என்பது அங்கே உள்ள நடைமுறை. இப்படி வருகிற அறிவிப்புகளை நமக்குத் தேவையான சரக்கு, தேவையான நாடு என்று சலித்து மின்னஞ்சலில் அனுப்புவதுதான் இ-பிங்கின் வேலை. ஐ.நா. சபை, உலக வர்த்தக அமைப்பு, சர்வதேச வர்த்தக மையம் மூன்றும் சேர்ந்து 2016-ல் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் சேரலாம், கம்பெனிப் பதிவு, ஏற்றுமதி உரிமம் என்று எதையும் கேட்பதில்லை.

எனக்கு இது ஏன் தேவைப்பட்டது என்பதைச் சொல்ல 2021 பிப்ரவரிக்குப் போக வேண்டும். குழந்தைகள் உடுப்புக்கான சிங்கிள் ஜெர்சி, நேவி ப்ளூ, மூன்று லாட். ஷேடு முதல் தடவையிலேயே அப்ரூவ் ஆனது, வாஷ் பாஸ்ட்னஸ் (துவைத்தால் சாயம் போகாமல் நிற்பது) நன்றாக வந்தது, பி.எச். சரியாக இருந்தது. துணி தைக்கப் போய்விட்ட பிறகு பையரின், அதாவது உடுப்பை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின், டெஸ்ட் ரிப்போர்ட் வருகிறது, ஒரே ஒரு வரியில் 'ஃபெயில்'. என்.பி.இ. என்று போட்டிருந்தது. நோனைல்பீனால் எத்தாக்ஸிலேட் என்பது அதன் முழுப்பெயர். கிலோ துணிக்கு 100 மில்லிகிராம் வரை இருக்கலாம், எங்கள் துணியில் அதற்கு இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. எங்கள் டையிங் மாஸ்டர் இருபது வருட அனுபவம் உள்ளவர், ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏனுங்க, ஷேடு ஓகே, பாஸ்ட்னஸ் ஓகே, சாயத்துல ஒரு குறையும் இல்லைங்க, அப்புறம் எதுக்குங்க ஃபெயிலு?" என்றார். அவர் சொன்னது சரி. சாயத்தில் குறையே இல்லை. சோப்பில் இருந்தது.

கிரே துணியை, அதாவது சாயம் ஏறாத துணியை, சாயத்துக்கு முன்னால் அலசுவதற்கும், சாயம் ஏற்றிய பிறகு சோப்பிங் செய்வதற்கும் ஒரு வெட்டிங் ஆயில் (துணியில் தண்ணீரைச் சீக்கிரம் ஊறவைக்கிற சோப்பு வகை) வாங்கிக்கொண்டிருந்தோம். விலை மலிவு, நுரை குறைவு, பல வருடமாக அதுதான். டிரம்மின் மேல் 'நான்-அயானிக்' என்று மட்டும் எழுதியிருந்தது. பாதுகாப்புத் தாள் கேட்டபோது கொடுத்தார்கள், எஸ்.டி.எஸ். என்கிறோமே அது. அதில் 16 பகுதி இருக்க வேண்டும், மூன்றாம் பகுதியில் உள்ளே என்னென்ன கலந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். அந்த இடத்தில் 'சர்ஃபேக்டன்ட் கலவை' என்ற இரண்டு வார்த்தைதான் இருந்தது. சோப்பு வகைக் கெமிக்கலுக்குப் பொதுப்பெயர் அது, என்.பி.இ.யும் அதில் ஒன்று. யாரிடம் வாங்கினேன் என்பது இங்கே தேவையில்லை, அன்றைக்கு இந்த ஊரில் பாதிப் பட்டறையில் அதே மாதிரி டிரம்தான் நின்றது.

மீதமிருந்த துணியைத் திரும்பவும் மெஷினில் ஏற்றி மூன்று தண்ணீர் அலசினோம். வேறு ஊரில் என்றால் தண்ணீரும் நீராவியும்தான் செலவு. திருப்பூரில் வெளியே போகிற ஒவ்வொரு லிட்டர் கழிவுநீருக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பணம் கட்ட வேண்டும். கூலியில் கிடைத்தது அத்தனையும் அந்த அலசலில் போனது. தைத்து முடித்த உடுப்புகளுக்கு ஆன நஷ்டத்தில் ஒரு பங்கையும் நாங்கள் ஏற்றுக்கொண்டோம்.

இதில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது பணம் இல்லை. அந்த விதி எப்போது வந்தது என்று தேடிப் பார்த்தேன். ஐரோப்பிய ஒன்றியம் அதைச் சட்டமாக்கியது 2016 ஜனவரியில். நடைமுறைக்கு வந்தது 2021 பிப்ரவரி 3. நடுவில் ஐந்து வருடம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள், வரைவாக இருந்த காலம் அதற்கும் முந்தியது. ஐந்து வருடத்தில் நான் எத்தனை டிரம் வாங்கியிருப்பேன், எத்தனை தடவை அந்தக் கடைக்காரரோடு உட்கார்ந்து டீ குடித்திருப்பேன். ஒரு தடவை கூட இந்தப் பேச்சு வரவில்லை, ஏனென்றால் எங்கள் இரண்டு பேருக்குமே அது தெரியாது.

விதி நியாயமானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்தப் பொருள் தண்ணீரில் போய் நோனைல்பீனாலாக உடைகிறது, மீனின் ஹார்மோனைக் கெடுக்கிறது. அவர்கள் ஊரில் ஒரு வீட்டில் நம் துணியைத் துவைத்தால் அது அவர்கள் ஆற்றில் கலக்கும், அதனால்தான் துவைக்கக்கூடிய துணி என்று குறிப்பிட்டே விதி போட்டிருக்கிறார்கள். நொய்யல் ஓடிய நிறத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே நிலம் வைத்திருந்த சொந்தக்காரர்கள் எங்களுக்கு உண்டு, அந்த வீட்டு விசேஷத்துக்குப் போனால் 'சாயக்காரர் வந்துட்டாரு' என்று சொல்லும் குரலில் என்ன இருந்தது என்பது எனக்குத் தெரியும். அதனால் ரசாயனக் கட்டுப்பாடு வேண்டாம் என்று ஒரு நாளும் சொல்ல மாட்டேன். முன்கூட்டியே தெரிய வேண்டும், அதைப் பற்றிப் பேச நமக்கும் ஒரு இடம் வேண்டும், இவ்வளவுதான் கேட்பது.

சரி, சேவைக்கு வருகிறேன். பதிவு செய்ய ஐந்து நிமிடம் ஆகும். அதில் முக்கியமான வேலை சலிப்பதற்கான குறியீட்டு எண்களை, அதாவது கோடுகளை, கொடுப்பது, இதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். ஏற்றுமதிக்காரர்கள் எல்லாருக்கும் எச்.எஸ். கோடு 61 மனப்பாடம். உலக நாடுகள் சரக்கை வகைப்படுத்தும் எண் எச்.எஸ்., அதில் 61 பின்னலாடைக்கான அத்தியாயம். அதை மட்டும் போட்டுவிட்டு உட்கார்ந்தால் பாதி விஷயம் தவறிப்போகும், ஏனென்றால் விதி துணியின் பெயரில் வருவதை விடக் கெமிக்கலின் பெயரில் வருவதுதான் அதிகம். நான் போட்டு வைத்திருப்பது: 61, அப்புறம் 3204 (சாயங்கள்), 3402 (சோப்பு, வெட்டிங் ஆயில் வகை), 3809 (ஃபினிஷிங் கெமிக்கல்கள்), 3215 (பிரிண்டிங் மை). இதோடு ஐ.சி.எஸ். என்று இன்னொரு வகைப்பாடு உண்டு, தர நிர்ணயக்காரர்கள் பயன்படுத்துவது. அதில் ஜவுளி 59, ரசாயனத் தொழில் 71, ஆடைத் தொழில் 61. ஆமாம், இரண்டு வகைப்பாட்டிலும் ஆடைக்கு 61 என்றே அமைந்திருக்கிறது, குழப்பிக்கொள்ளாதீர்கள். சில அறிவிப்புகளில் எச்.எஸ். கோடே இருக்காது, ஐ.சி.எஸ். மட்டும்தான் இருக்கும், அதனால் இரண்டையும் போடுங்கள்.

நாடு என்ற இடத்தில் ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா என்று போட்டுவிட்டு பிரிட்டனை மறந்துவிடாதீர்கள். அவர்கள் பிரிந்து போய், 2021 ஜனவரியில் இருந்து 'ரீச்' என்ற ஐரோப்பிய ரசாயன விதிகளைத் தங்களுக்கென்று தனியாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2025 ஜூலையில் இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதும் இங்கே எல்லார் பேச்சும் வரி குறைவதைப் பற்றித்தான் இருந்தது. வரி குறைந்தாலும் கெமிக்கல் விதி குறையாது, இரண்டும் வேறு வேறு கதவு.

தபால் வந்தால் எப்படி இருக்கும்? ஒவ்வொரு அறிவிப்பும் ஒன்றிரண்டு பக்கம்தான், 11 கட்டம் கொண்ட ஒரு படிவம். எந்த நாடு, எந்தத் துறை, எந்தச் சரக்கு, விதியின் தலைப்பு, சுருக்கம், ஏன் கொண்டுவருகிறார்கள், எப்போது நடைமுறைக்கு வரும், கருத்துச் சொல்லக் கடைசித் தேதி என்ன, முழு வரைவு எங்கே கிடைக்கும் என்று வரிசையாக இருக்கும். எங்கள் வீட்டில் மகள்தான் முதலில் படிப்பாள். முழுதாகப் படிக்கச் சொல்வதில்லை, "அம்மிணி, நாலும் ஒன்பதும் பத்தும் பாரு" என்பேன். நாலாவது கட்டத்தில் சரக்கு, ஒன்பதில் நடைமுறைத் தேதி, பத்தில் கருத்துக்கான கடைசி நாள். நமக்குச் சம்பந்தம் உண்டு என்றால் ஆறாவது கட்டத்தில் இருக்கும் சுருக்கத்தைத் தமிழில் நாலு வரி எழுதி வாட்ஸ்அப்பில் மாஸ்டருக்கும் ஸ்டோர்காரருக்கும் போடுவாள். பெரும்பாலான வாரம் எங்களுக்கான சங்கதி ஒன்றுமே இருக்காது, தாய்லாந்தில் பெயின்ட், கொரியாவில் சோப்புத்தூள் என்று வந்து போகும். வருகிற அந்த ஒன்றுக்காகத்தான் மற்றதைப் பார்ப்பது.

அப்படி வந்து எங்களுக்குக் கை கொடுத்த ஒன்று பி.எஃப்.ஏ.எஸ். சங்கதி, எளிதில் அழியாத ஃப்ளோரின் கெமிக்கல் குடும்பத்தின் பெயர் அது. நீர் ஒட்டாத ஃபினிஷ் போடுவதற்கு ஃப்ளோரின் கெமிக்கல் பயன்படுத்துகிறோம், சி-6 என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள். அதே குடும்பத்தின் பழைய வகையான சி-8 போய் இது வந்தபோது 'இது சுத்தமானது, இனிப் பிரச்சினையே இல்லை' என்று சொல்லி விற்றார்கள். ஐரோப்பாவில் இந்த சி-6 வகைக்கும் கட்டுப்பாடு 2024 செப்டம்பரில் வெளியானது, பொதுமக்கள் அணியும் உடுப்புகளுக்கு 2026 அக்டோபர் 10 முதல் பொருந்தும். அமெரிக்காவில் கலிபோர்னியா 2025 ஜனவரி 1 முதலே ஜவுளியில் பி.எஃப்.ஏ.எஸ். மொத்தத்துக்கும் தடை போட்டுவிட்டது, பிரான்ஸ் 2026 ஜனவரியில் இருந்து உடுப்புக்குத் தடை. ஸ்போர்ட்ஸ் ஜாக்கெட், டிராக் பேன்ட் செய்கிற எல்லாருக்கும் இது நேரடி அடி. இந்தத் தடவை நாங்கள் தயாராக இருந்தோம். 2023-லேயே ஃப்ளோரின் இல்லாத ஃபினிஷ் மூன்று வகை வாங்கி டிரையல் பார்க்கத் தொடங்கிவிட்டோம்.

அந்த டிரையலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் வருகிற விஷயம் இதில்தான் நிற்கிறது. ஸ்ப்ரே டெஸ்ட் என்பது பார்க்க எளிது. துணியை ஒரு வளையத்தில் இழுத்து மாட்டி 45 டிகிரி சாய்த்து வைத்து, 150 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்து ஒரு குட்டி ஷவர் வழியாக 250 மில்லி தண்ணீரை விட வேண்டும். அப்புறம் வளையத்தை ஒரு தட்டுத் தட்டி, துணியில் எவ்வளவு ஈரம் ஒட்டியிருக்கிறது என்று படத்தோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுவது. ஒரு சொட்டும் ஒட்டவில்லை என்றால் 100. சி-6 போட்ட துணி புதிதாக 100, பத்து வாஷுக்கு அப்புறமும் 80-க்குக் குறையவில்லை. ஃப்ளோரின் இல்லாத முதல் வகை புதிதில் 90, ஐந்தாவது வாஷில் துணி நனைந்து உடம்போடு ஒட்டியது. இரண்டாவது வகை பரவாயில்லை, ஆனால் கியூரிங் சூடு (ஃபினிஷைத் துணியில் பிடிக்க வைக்கும் சூடு) பத்து டிகிரி கூட்டினால்தான் பிடித்தது, சூடு கூட்டினால் வெளிர் ஷேடு மஞ்சளடித்தது. எண்ணெய் ஒட்டாமல் இருப்பது மூன்றிலுமே கிடையாது, அந்தக் குணம் ஃப்ளோரினோடு போய்விடுகிறது. ஒவ்வொரு டிரையலையும் தேதி, சூடு, அளவு, எத்தனையாவது வாஷ் என்று நோட்டில் எழுதி, துணித் துண்டைப் பக்கத்தில் பின் அடித்து வைத்தோம்.

அந்த நோட்டு எதற்கு உதவியது தெரியுமா? 2023 மார்ச் முதல் செப்டம்பர் வரை ஐரோப்பிய ரசாயன முகமை பி.எஃப்.ஏ.எஸ். முழுவதையும் கட்டுப்படுத்தும் முன்மொழிவுக்குக் கருத்துக் கேட்டது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று கதவைத் திறந்து வைத்தார்கள், 5,600-க்கும் மேல் கருத்துகள் போய்ச் சேர்ந்தன. நாங்கள் மூன்று பட்டறைக்காரர்கள் ஒரு சாயங்காலம் பேக்கரியில் உட்கார்ந்து, டீயும் தேங்காய் பன்னும் வாங்கி வைத்துக்கொண்டு, எங்கள் நோட்டில் இருந்ததை ஒரு பக்கத்துக்குச் சுருக்கினோம். தடை வேண்டாம் என்று எழுதவில்லை. மழைக்கோட்டு மாதிரியான சரக்குக்கு மாற்று இருக்கிறது, எண்ணெய் தெறிக்கும் வேலைக்கான சீருடைக்கு இன்னும் இல்லை, மாற்றுக்குப் போக இவ்வளவு டிரையல் ஆகிறது, சின்ன யூனிட்டுக்கு இவ்வளவு மாதம் தேவை, இவ்வளவுதான். எங்கள் சங்கத்தில் ஒரு மூத்தவரிடம் காட்டினோம். படித்துவிட்டு, "தம்பி, இத்தனை வருசமா அதிகாரிங்க நம்மகிட்ட கேட்டது இதத்தானுங்க, நாம கொடுத்தது பூரா மனுதான்" என்றார்.

அவர் சொன்னது எனக்குள் தங்கிவிட்டது. டி.பி.டி. அறிவிப்புகளுக்கு இந்தியாவின் சார்பில் தொடர்பு அலுவலகமாக இருப்பது பி.ஐ.எஸ்., அதாவது நம் ஐ.எஸ்.ஐ. முத்திரை போடுகிற அதே அமைப்பு. வர்த்தக அமைச்சகம் இருக்கிறது, ஏற்றுமதி மேம்பாட்டுக் கவுன்சில்கள் இருக்கின்றன. ஜெனீவாவில் டி.பி.டி. கமிட்டி வருடத்துக்கு மூன்று தடவை கூடுகிறது, ஒரு நாட்டின் விதி இன்னொரு நாட்டின் வியாபாரத்தைத் தேவைக்கு மேல் நெருக்குகிறது என்றால் அங்கே எழுப்பலாம். ஐரோப்பாவின் ரீச் விதியைப் பற்றி 2003 முதல் அங்கே பல நாடுகள் பேசிக்கொண்டே இருந்தன, இந்தியாவும்தான். ஆனால் அங்கே போய் உட்காருகிற நம் அதிகாரி வெறுங்கையோடு போனால் என்ன பேச முடியும்? 'எங்கள் சிறு தொழில்கள் பாதிக்கப்படும்' என்று ஒரு வாக்கியம் சொல்லலாம். 'இந்த ஃபினிஷ் ஐந்தாவது வாஷில் இறங்குகிறது, மாற்றுக்குப் போகப் பதினெட்டு மாதம் ஆகிறது, இதோ கணக்கு' என்று சொல்ல அவருக்கு நம் நோட்டு வேண்டும். இ-பிங் தபாலில் பத்தாவது கட்டத்தை நான் விடாமல் பார்ப்பது அதனால்தான். அரசாங்கம் நமக்காகப் பேசவில்லை என்று குறைப்படுவதற்கு முன்னால், பேசுவதற்கான சரக்கை நாம் அந்த 60 நாளுக்குள் கொடுத்தோமா என்று பார்க்க வேண்டும்.

இந்த ஊருக்கு இது புதிதும் இல்லை. 90-களில் ஜெர்மனி அசோ சாயங்களில் ஒரு பகுதியை, உடைந்தால் புற்றுநோய் அபாயமுள்ள அமீன் வெளிவரும் வகையை, தடை செய்தபோது அப்பா பட்டறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரே பயந்து கிடந்தது என்பார். இந்திய அரசும் அந்தப் பத்தாண்டிலேயே 112 சாயங்களைத் தடை செய்தது, சோதனைக்கூடங்கள் வந்தன, சாயம் தயாரிப்பவர்கள் மாறினார்கள், பத்து வருடத்தில் 'அசோ ஃப்ரீ' என்பது பேச்சுக்கே இடமில்லாத விஷயமாகிவிட்டது. அந்தச் சோதனை நடப்பதை ஒரு தடவை லேபில் நின்று பார்த்தேன். துணியைப் பொடிப்பொடியாக வெட்டி, கண்ணாடிக் குப்பியில் போட்டு, 70 டிகிரிச் சூட்டில் சோடியம் டைதயோனைட் ஊற்றுகிறார்கள். அது வேறொன்றும் இல்லை, நம் ஹைட்ரோஸ்தான்! ஷேடு தவறிய துணியில் சாயத்தை உரிக்க நாம் எதைப் போடுகிறோமோ அதையே போட்டு, சாயத்தை உடைத்து, உள்ளே இருந்து கெட்ட அமீன் வெளியே வருகிறதா என்று பார்க்கிறார்கள். கிலோவுக்கு 30 மில்லிகிராம் தாண்டினால் அந்தச் சரக்கை ஐரோப்பாவில் விற்க முடியாது. இதை எங்கள் மாஸ்டரிடம் சொன்னதும் அவருக்கு டெஸ்ட் ரிப்போர்ட் மேல் இருந்த பயமே போய்விட்டது, "நம்ம வேலையேதானுங்களா" என்று கேட்டார்.

2011-ஐயும் மறக்க முடியாது. ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவில் சாயப்பட்டறைகள் எல்லாம் மூடப்பட்டன. மாதக்கணக்கில் மெஷின் ஓடவில்லை, துணி வெளி மாநிலத்துக்குப் போய்ச் சாயம் ஏறி வந்தது. மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது, பட்டறைக்காரர்கள் சேர்ந்து நடத்தும் 18 பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஒரு சொட்டும் ஆற்றில் விடாத முறைக்கு மாறின. இன்றைக்கு எந்த நாட்டுப் பையர் வந்தாலும் முதலில் கூட்டிப்போய்க் காட்டுவது அந்த ஆவியாக்கிகளையும் மீட்டெடுத்த உப்பையும்தான். ஊர் மூடிக் கிடந்த பிறகுதான் அரசும் தொழிலும் ஒரே மேசையில் உட்கார்ந்தன. கெமிக்கல் விஷயத்தில் அந்த மேசையை முன்னாலேயே போட்டுவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

சமீபத்தில் நல்லதாக ஒன்று நடந்தது. பாலியெஸ்டர் ஃபைபர், நூல் மீது இருந்த கட்டாயத் தரக்கட்டுப்பாட்டு ஆணைகளை மத்திய அரசு 2025 நவம்பரில் திரும்பப் பெற்றது, நூல் வாங்குகிறவர்கள் பல காலமாகக் கேட்டுக்கொண்டிருந்தது அது. நம் அரசு போடுகிற இந்த மாதிரி ஆணைகளும் வெளிநாடுகளுக்கு அறிவிக்கப்படுகின்றன, இ-பிங்கில் இந்தியா என்று போட்டால் அவையும் வரும். நாடு என்ற இடத்தில் இந்தியாவையும் சேருங்கள். நாம் வாங்குகிற காஸ்டிக் சோடாவுக்கே ஐ.எஸ்.ஐ. கட்டாயம் என்று ஆன பிறகு, உள்ளூர் விதியும் வெளியூர் விதி அளவுக்கு முக்கியம்.

இப்போது போதாமைகள். முதலாவது மொழி. தளம் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் மூன்றில் இருக்கிறது. உலக அமைப்பின் அலுவல் மொழிகள் அவை, அதில் குறை சொல்ல முடியாது, ஆனால் டிரம்மைத் திறந்து கெமிக்கலை அளந்து ஊற்றுகிற கைக்கு அந்தத் தபால் போய்ச் சேர வேண்டும் என்றால் நடுவில் ஒருவர் தமிழில் எழுதியே ஆக வேண்டும். எங்களுக்கு மகள் இருக்கிறாள். எல்லாப் பட்டறைக்கும் அப்படி ஒரு ஆள் இருக்காது. சங்கங்களோ நம் ஊர் ஜவுளிக் கல்லூரிகளோ வாரம் ஒரு பக்கம் தமிழில் போட்டால் போதும், ஆயிரம் பட்டறைக்குப் பயன்படும். இதை நான் பார்க்கிற எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்.

இரண்டாவது, இது அரசாங்க விதிகளை மட்டும்தான் சொல்லும். பிராண்டுகள் தாங்களாக வைத்துக்கொள்ளும் பட்டியல் இதில் வராது. பிராண்டுகள் சேர்ந்திருக்கும் இசட்.டி.எச்.சி. அமைப்பின் எம்.ஆர்.எஸ்.எல்., அதாவது தயாரிப்பில் பயன்படுத்தக் கூடாத கெமிக்கல்களின் பட்டியல்தான் இன்றைக்கு எங்கள் அன்றாடம், மாதாமாதம் ஸ்டோரில் இருக்கும் கெமிக்கல் கணக்கை ஏற்றி ரிப்போர்ட் எடுக்க வேண்டியிருக்கிறது. அதை அந்தத் தளத்தில்தான் பார்க்க வேண்டும். அதே மாதிரி ஐரோப்பாவின் மிகுந்த கவலைக்குரிய பொருள்களின் பட்டியல், எஸ்.வி.எச்.சி. என்பது, வருடத்துக்கு இரண்டு தடவையாவது நீளும், 2025 ஜூனில் 250-ஐத் தொட்டது. அதை நான் நேராக ஹெல்சிங்கியில் இருக்கும் அந்த ரசாயன முகமையின் தளத்தில் பார்த்துக்கொள்கிறேன், அதுவும் இலவசம்தான். பிரிண்டிங்காரர்களுக்குத் தனியாக ஒன்று: பிளாஸ்டிசால் மையில் (பிளாஸ்டிக் கலந்த மை) அதை இளக்கமாக்கச் சேர்க்கும் தாலேட் நான்கு வகை சேர்ந்து 0.1 சதவீதம் தாண்டக் கூடாது என்பது 2020 ஜூலையில் இருந்து இருக்கிற விதி. இப்படி ஏற்கெனவே நடைமுறைக்கு வந்துவிட்டதை இ-பிங் தேடி வந்து நினைவுபடுத்தாது, அது வரப்போவதைச் சொல்கிற சேவை. இருப்பதைத் தெரிந்துகொள்ளும் வேலை நம்முடையது.

மூன்றாவது, அறிவிப்பைப் பார்த்து பயப்படுகிறவர்களுக்கு இது ஆகாது. வரைவு எல்லாம் சட்டமாவதில்லை, தேதிகள் தள்ளிப்போகும், அளவு மாறும். வரைவைப் பார்த்தவுடன் ஸ்டோரில் இருக்கும் சரக்கைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. கடைக்காரரிடம் 'இதற்கு மாற்று என்ன வைத்திருக்கிறீர்கள்' என்று அன்றைக்கே கேட்க வேண்டும், அவ்வளவுதான். நான்கு கடை மாறிக் கேட்டால் இரண்டு கடையில் பதில் இருக்கும். அந்த இரண்டு கடையில்தான் நான் இப்போது வாங்குகிறேன். அந்த வெட்டிங் ஆயிலுக்குப் பதிலாக வந்திருப்பது கிலோவுக்குக் கொஞ்சம் விலை கூட, எஸ்.டி.எஸ். மூன்றாம் பகுதியில் ஒவ்வொரு பொருளும் பெயரோடு எண்ணோடு இருக்கிறது, கூடவே லேப் ரிப்போர்ட்டும் தருகிறார்கள்.

கரூர், சென்னிமலை, பவானி, சோமனூர்ப் பக்கம் இருந்து ஏற்றுமதிக்குக் கொடுக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. உங்கள் சரக்கு வீட்டு ஜவுளி என்றால் 61 போட்டுப் பயனில்லை, 63 போடுங்கள், கெமிக்கல் கோடுகள் மட்டும் எங்களுடையதேதான். ஈரோட்டுத் தோல்காரர்கள் 41 போட்டுக்கொள்ளலாம். பதிவு செய்யும்போது தபால் தினமும் வேண்டுமா, வாரம் ஒரு தடவையா என்று கேட்கும். வாரம் என்று கொடுங்கள். முதலில் நான் தினசரி என்று போட்டுவிட்டு, இரண்டே வாரத்தில் திறக்காமல் விட ஆரம்பித்தேன், வாரத்துக்கு மாற்றிய பிறகுதான் பழக்கமானது. இப்போது திங்கட்கிழமை காலை, பாய்லர் பிரஷர் ஏறுகிற வரைக்கும் எங்களுக்கு இருக்கும் அரை மணி நேரத்தில் படித்து முடித்துவிடுகிறோம். சம்பந்தப்பட்டது ஏதாவது இருந்தால் ஸ்டோர் ரூம் கதவில் இருக்கும் கரும்பலகையில் கெமிக்கலின் பெயரும் பத்தாவது கட்டத்துத் தேதியும் ஏறிவிடும்.

கோடு கொடுப்பதில் யாருக்காவது சந்தேகம் என்றால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.